கமி சொல்லுங்க

செராங் அண்ணனுக்குக் கட்டைவிரலைக் காட்டினால் பிடிக்காது.

காரணம் எங்கள் வேலை. பாராடாங் தீவில் பஸ், லாரி, ஜீப் எல்லாம் ஃபெர்ரியில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். ஃபெர்ரியை ஓட்டுகிறவரை செராங் என்போம். அவர் மேலே அறையில் நிற்பார். நான் லஸ்கர். கீழே ராம்ப் ஓரத்தில் நிற்பேன். ராம்ப் என்றால் வண்டி ஏறி வருகிற இரும்புப் பலகை. கடைசி வண்டி ஏறியதும் கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டுவேன். அவர் ராம்ப்பைத் தூக்கிவிடுவார். எஞ்சின் சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காது. விரல் மேலே போனபிறகு யார் ஓடி வந்து கத்தினாலும் அடுத்த டிரிப்தான்.

அதனால் அவருக்குக் கட்டைவிரல் என்றால் ஒரே அர்த்தம். முடிந்தது, இனி ஒருத்தரும் ஏறக் கூடாது.

போனில் அவர் போட்ட படத்துக்குக் கீழே கட்டைவிரல் வந்து விழும். முகம் சுருங்கிவிடும்.

"படத்தைப் பார்த்துப் பேசுங்கடான்னா, ஆளாளுக்கு ராம்ப்பைத் தூக்குறானுக" என்பார்.

அவர் யாருக்கும் விரல் போட்டதில்லை. நேரிலும் காட்டியதில்லை. போனில் ஒற்றை விரலால் தட்டித்தட்டி, எழுத்துப் பிழையோடு, எழுதித்தான் பதில் போடுவார்.

அவர் படம் எடுப்பது பறவைகளை. வேலை போக மீதி நேரம் எல்லாம் அதுதான். ஃபெர்ரி நிற்கிற நீலாம்பூர் ஜெட்டிப் பக்கம் அலையாத்தி மரங்களுக்குள் முழங்கால் சேற்றில் நிற்பார். எதிர்க்கரை ரிசர்வ் காடு. அங்கே படம் எடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பும்போது கேமராவுக்கு மூடி போட்டுவிடுவார். "சட்டம் தெரிஞ்ச கேமரா" என்று ஜெட்டி போலீஸ்காரர் கிண்டல் செய்வார்.

தீவுகளில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வாத்தியார், கடைக்காரர், பாங்க்காரர், கான்ட்ராக்டர் எல்லாரும் இருப்பார்கள். தமிழ், பெங்காலி, தெலுங்கு, மலையாளம். எல்லாருக்கும் பொது இந்தி. செராங் அண்ணன் காலையில் ஒரு படம் போடுவார். கீழே இரண்டு வரி, தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று.

கமி சொல்லுங்க.

கமி பதாயியே.

கமி என்றால் இந்தியில் குறை. அண்ணனின் அப்பா அம்மா சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கப்பலில் ரப்பர் வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் மலைநாட்டுத் தமிழ். வெளியே இந்தி. அவர் வாயில் இரண்டும் கலந்துதான் வரும். குறை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் கமிதான்.

குரூப்பில் யாரும் கமி சொல்ல மாட்டார்கள். சூப்பர். நைஸ். கும்பிடு. கட்டைவிரல்.

நான் அவருக்கு நெருக்கமானது ஒரு டப்பாவால்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். டிரிப் இடைவெளியில் டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேமராவின் சின்னத் திரையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"என்ன கமி?"

மீன்கொத்தி ஒன்று, பழைய ஜெட்டியின் ஒடிந்த கட்டையில் உட்கார்ந்திருந்தது. நல்ல நீலம்.

"குருவி நல்லா இருக்கு" என்றேன்.

"அது குருவி இல்ல. விடு. கமி சொல்லு."

"மூலையில ஒரு எண்ணெய் டப்பா மிதக்குது."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். உற்றுப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். டீக்கடைக்காரரிடம் காட்டினார். கண்டக்டரிடம் காட்டினார்.

"நானும் மூணு நாளா இதைப் பார்க்கிறேன். குரூப்ல அத்தனை பேரும் பார்த்தானுக. படிச்சவனுக எல்லாம் பறவைக்குப் பேர் சொன்னானுக. இவன் டப்பாவைச் சொல்றான் பாரு!"

அது பெரிய சாமர்த்தியம் இல்லை. ராம்ப்பில் நிற்கிறவனுக்கு ஓரம் பார்ப்பதுதான் வேலை. டயர் விளிம்பு தாண்டுகிறதா, பலகைக்கும் கரைக்கும் எவ்வளவு இடைவெளி, யார் கால் எங்கே இருக்கிறது. நடுவில் இருப்பதை யாரும் பார்ப்பார்கள். இதைச் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார். "நான் நடுவைப் பார்க்கிறேன். நீ ஓரத்தைப் பாரு."

அன்றே என்னைக் குரூப்பில் சேர்த்துவிட்டார். என்னிடம் கேமரா கிடையாது.

பிறகு தினமும் நடந்தது இதுதான். அவர் படம் போடுவார். நான் எழுதுவேன். வால் வெட்டுப்பட்டது. பின்னால் கயிறு. கண்ணில் வெளிச்சம் இல்லை. அவ்வளவுதான் எழுதுவேன். எனக்கு அதற்கு மேல் வராது. அவர் மறுநாள் அதே இடத்துக்குப் போய் அதே மீன்கொத்தியை மறுபடி எடுப்பார். கயிறு போனது. கம்பி வந்தது. கம்பி போனது. ஜெட்டியில் காயப் போட்ட பனியன் வந்தது.

"அந்த மீன்கொத்திக்கே இந்த மனுசனைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சுங்க தம்பி" என்பார் அண்ணி.

அண்ணி பாவம். இங்கே காற்றில் ஈரம் அதிகம். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதற்காக அண்ணன் கேமராவை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார். ஒருநாள் லென்ஸ் மூடி உள்ளேயே தங்கிவிட்டது. அண்ணி பார்க்காமல் அள்ளி உலையில் போட்டுவிட்டார். சோற்றில் கறுப்பாக எதுவோ கிடக்கிறது என்று கத்தினார். அண்ணன் கரண்டியால் எடுத்து, கழுவி, லென்ஸில் மாட்டிப் பார்த்தார்.

"கமி இல்ல" என்றார்.

சாப்பாட்டிலும் கமி சொல்வார். புளி கம்மி. மீன் நேற்றையது.

"போட்டோவுக்குத்தான் நீங்க கமி கேட்டீங்க. குழம்புக்கு நான் கேட்டேனா?" என்று அண்ணி கரண்டியை ஓங்குவார்.

அவருக்குப் பிறர் படத்துக்கும் அதே மரியாதைதான். ஒரு பாங்க் ஆபீசர் சூரியன் மறைகிற படம் போட்டார். எல்லாரும் விரல் போட்டார்கள். அண்ணன் எழுதினார்: "கடல் சாஞ்சிருக்கு. தண்ணி கொட்டிரும் சார்." ஆபீசர் குரூப்பை விட்டுப் போய்விட்டார். கெஞ்சித் திரும்பச் சேர்த்தார்கள். அண்ணனுக்குப் புரியவே இல்லை.

"நான் அவருக்கு நல்லதுதானே சொன்னேன். கேட்கத்தானே போட்டாரு?"

"அவரு கேட்கலண்ணே. காட்டினாரு" என்றேன்.

"நான் கேட்கிறேன்டா" என்றார்.

அது உண்மை. கமி சொன்னால் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எதுவும் சொல்லாவிட்டால்தான் வருத்தம்.

பிறகு நடந்ததில் என் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

குரூப்பை நடத்துகிறவர் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற இடத்தில் இருந்த ஒரு சார். பெரிய லென்ஸ் வைத்திருப்பார். ஒருநாள் கடற்கழுகு படம் போட்டார். மீனைக் காலில் பிடித்துக்கொண்டு பறக்கிறது. அருமையான படம். இறக்கை நுனி மட்டும் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. பழக்கதோஷம். எழுதிவிட்டேன்: "வலது ரெக்கை வெட்டு."

அவர் பதில் போட்டார்: "ராம்ப் தூக்குறவங்க எல்லாம் போட்டோ வாத்தியார் ஆயிட்டாங்க."

கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். யாரோ ஒருத்தர், "செராங் கா சம்சா" என்று போட்டார். செராங்குக்கு ஜால்ரா என்று அர்த்தம்.

அண்ணன் உடனே எழுதினார்: "அவன் சொன்னது சரி. ரெக்கை வெட்டுத்தான்."

அதற்கும் சிரிப்பு.

நான் பதில் எழுதவில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. அது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து யார் படம் போட்டாலும் கட்டைவிரல்தான். எல்லாருக்கும் போட்டுவிட்டு அண்ணனுக்கு மட்டும் எழுதினால் மறுபடி சம்சா என்பார்கள். அதனால் அவருக்கும் விரல்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஹட் பே ஜெட்டிக்கு மாற்றல் வந்தது. அண்ணனும் ரிட்டயர்டு ஆகி வீட்டோடு இருந்தார். நேரில் பார்ப்பது நின்றது. ஹட் பேயில் நெட் மெதுவாக வரும். படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். நான் கயிறு கட்டிவிட்டு வந்து பார்த்தால் பாதிப் பறவை திறந்திருக்கும்.

அப்படித்தான் அந்தப் படங்களைப் பார்த்தேன்.

மீன்கொத்தி நன்றாக இருக்கும். இடது பக்கம் ஒரு கிளை குறுக்கே வந்து பாதிப் படத்தை மறைத்திருக்கும். அண்ணன் இப்படி விட மாட்டாரே என்று நினைத்தேன். விரல் போட்டேன்.

அடுத்த வாரம் கிளிக்கூட்டம். இடது ஓரத்தில் யாரோ ஒருத்தருடைய முழங்கை. விரல் போட்டேன்.

பிறகு கொக்கு. இடது பக்கம் ஒரு நாயின் பின்பாதி. விரல்.

எல்லாம் இடது பக்கம். எனக்கு அது தெரிந்தது. ராம்ப்பில் நின்ற கண் அது. ஒரு லாரி தொடர்ந்து ஒரே பக்கம் இடித்தால் டிரைவருக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை என்று அர்த்தம். இறக்கி விட்டு, கண்ணாடியைச் சரி செய்யச் சொல்வேன். அண்ணன் படத்துக்கு அந்தக் கணக்கு எனக்கு ஓடவில்லை. வயசாகிவிட்டது, கை பழையபடி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். சந்தோசமாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். அந்தச் சிரித்த முகங்களும் மனதில் இருந்தன. எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் போன் செய்தார். ஜெட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னடா, நீயும் ராம்ப்பைத் தூக்கிட்டியா?"

"அப்படி இல்லண்ணே. இங்க நெட் கிடைக்கல."

"விரல் போட மட்டும் நெட் கிடைக்குதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, இந்தப் படங்கள்ல ஏதோ கமி இருக்குடா. என்னன்னு எனக்குப் பிடிபடல. பார்த்தா சரியாத்தான் இருக்கு. ஆனா எங்கேயோ இடிக்குது. உன் அண்ணிகிட்டக் கேட்டா சோறு ஆறுதுங்கிறா. நீ சொல்லு."

"ஒண்ணும் இல்லண்ணே. சுத்தமா இருக்கு."

"சச்?"

நிஜமா என்று கேட்டார். முக்கியமான பேச்சு என்றால் அவருக்கு இந்தி வந்துவிடும்.

"சச்தாண்ணே."

"ம்" என்றார். "நீ சொன்னா சரி."

அதற்குப் பிறகும் படம் போட்டார். கமி சொல்லுங்க என்ற வரி மட்டும் நின்றுவிட்டது. படம் மட்டும் வரும். நான் விரல் போடுவேன். பிறகு படமும் நின்றது.

மழைக்காலம் முடிந்து அண்ணி போன் செய்தார்.

அண்ணன் ஜெட்டிப் படியில் இறங்கும்போது இடது பக்கம் இருந்த இரும்புக் கட்டையில் மோதி விழுந்துவிட்டார். முப்பது வருசம் அவர் ஃபெர்ரிக்குக் கயிறு மாட்டிய கட்டை அது. காலில் அடி. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், பெரியவர் ஏன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்று கேட்டு, கண் டாக்டரிடம் அனுப்பினார்.

"கண்ணுல அழுத்தமாம் தம்பி. நரம்பு போயிருச்சாம். ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுட்டு வந்திருக்கு. வலியே இருக்காதாம். நடுவுல தெரிஞ்சுக்கிட்டே இருக்குமாம், அதனால ஆளுக்கே தெரியாதாம். ஒரு கண்ணு சுத்தமா இல்ல. கேமராவுல வைப்பாருல்ல, அந்தக் கண்ணுல ஒரு குழாய் வழியா பார்க்கிற மாதிரி கொஞ்சம் இருக்கு."

"மருந்து போட்டா?"

"இருக்கிறதைக் காப்பாத்தலாமாம். போனது வராதாம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நிறுத்தியிருக்கலாம்னு டாக்டர் திட்டுறாரு. யாருக்குத் தெரியும்? இவருக்கே தெரியலையே. யாரும் சொல்லலையே."

அண்ணி என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

நான் போனில் பழைய படங்களைத் திறந்தேன். கிளை. முழங்கை. நாய். தேதியைப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கும் முன்னாடி.

லீவு போட்டுப் போக எனக்கு இரண்டு மாதம் ஆனது. லீவு கிடைக்கவில்லை என்று அண்ணியிடம் சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

ஹட் பேயிலிருந்து கப்பல். போர்ட் பிளேரிலிருந்து பஸ். ஜெட்டியில் இறங்கி ஃபெர்ரி ஏறினேன். ராம்ப்பில் வேறு ஒரு லஸ்கர் நின்றான். விரலைத் தூக்கினான். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டதும் முகத்தை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினார். டார்ச் அடித்து ஆளைத் தேடுவது போல. பிடித்துவிட்டார்.

"தெரியுறே. மூக்கு மட்டும்" என்றார். "மீதி ஆளு எங்கடா?"

அண்ணி டீ கொடுத்தார். கேமரா எங்கே என்று கேட்டேன். அரிசி டின்னில்தான் இருக்கிறது என்றார் அண்ணி.

"எடுக்கிறதே இல்லை. ஆனா அதிலேயே வைக்கச் சொல்றாரு. தினம் அதை ஒதுக்கிட்டு அரிசி அள்றேன்."

அண்ணன் தன் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"குரூப்ல போட்டதெல்லாம் இதுல இருக்கு. எனக்கு இதுல ஒரு நகம் அளவுதான் ஒரு நேரத்துல தெரியுது. தேடுறதுக்குள்ள தலை வலிக்குது. நீ ஒவ்வொண்ணாச் சொல்லு. என்ன பறவை, என்ன கமி. நான் இங்க பார்த்துக்கிறேன்." நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"மீன்கொத்தி. எண்ணெய் டப்பா."

சிரித்தார். "அடுத்தது."

"அதே மீன்கொத்தி. கயிறு."

"அடுத்தது."

"பனியன்."

"யாரு பனியன்னு தெரியுமா? அந்த ஜெட்டி போலீஸ்காரரோடது. கேட்டா இல்லைன்னாரு." பட்டாணித் தோலைக் கீழே போட்டார். "அடுத்தது."

இப்படியே ஒரு மணி நேரம் போனது. அவருக்கு ஒவ்வொரு படமும் நினைவில் இருந்தது. நான் கமி சொன்னால், அதை எப்படிச் சரி செய்தார் என்று அவர் சொல்வார். சேற்றில் எங்கே நின்றார், அலை ஏற்றமா இறக்கமா, எல்லாம் சொன்னார். நன்றாக இருந்தது. ஆனால் எது வருகிறது என்று எனக்குத் தெரியும். நடுவில் ஏதாவது சொல்லி எழுந்துவிடலாம் என்று இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"அடுத்தது" என்றார்.

"மீன்கொத்திண்ணே. நல்லா உட்கார்ந்திருக்கு. அலகு கூர்மையா வந்திருக்கு."

"கமி?"

நான் ஒரு தடவை பொய் சொன்னவன்.

"இடது பக்கம் கிளை. பாதிப் படத்தை மறைச்சிருக்கு."

"அப்படியா?" என்றார். நினைவில் தேடினார். கிடைக்கவில்லை போல. "அடுத்தது."

"கிளிக்கூட்டம். இடது பக்கம் ஒரு ஆளோட முழங்கை."

"அடுத்தது."

"கொக்கு. இடது பக்கம் நாய்."

பட்டாணி உரித்த கை நின்றது.

"எல்லாம் இடது பக்கமா?"

"ஆமாண்ணே."

"எப்பப் போட்டது?"

"மழைக்கு முன்னாடி. கோடையில."

உள்ளே அண்ணி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"நீ அப்பவே பார்த்தியா?"

போனைப் பார்த்தேன். அந்தப் படத்துக்குக் கீழே என் பேர் இருந்தது. பேருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல்.

"பார்த்தேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மடியில் இருந்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டார். இரண்டு கீழே விழுந்து உருண்டன. எங்கே போயின என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். அவர் முகத்தைத் திருப்பி என்னைத் தேடவில்லை.

பிறகு வலது கையைத் தூக்கினார். நான் இருந்த பக்கத்துக்கு இல்லை, கொஞ்சம் தள்ளி. விரல்களை மடக்கினார். கட்டைவிரல் மேலே போனது.

போனை அவர் மடியில் வைத்தேன். எழுந்தேன். ஜெட்டிக்கு நடந்தேன்.